கூமுட்டை எங்கே பிறக்கிறது?

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. பச்சை முட்டையை எண்ணெயோடு அடித்துக் குழைத்துச் செய்கிறார்களே, மயோனைசு என்னும் வெண்குழம்பு, அதைத் தமிழ்நாட்டில் ஓராண்டுக் காலத்துக்குச் செய்யாதே, வைக்காதே, விற்காதே என்று உணவுப் பாதுகாப்புத் துறை கட்டளையிட்டது. கேரளம் 2023 சனவரியிலேயே இப்படியொரு கட்டளை போட்டது. தெலங்கானம் 2024 அக்டோபர்க் கடைசியில் போட்டது. ஐதராபாத்தில் மோமோ தின்ற பெண்மணி ஒருவர் மாண்டு, பலர் படுக்கையில் விழுந்த பிறகு!

தடையை நாம் குறை கூறவில்லை. உயிர் காக்கும் ஆணை எவர் வாயிலிருந்து வந்தாலும் வரவேற்போம். ஆனால் ஆணையைப் படித்து மடித்து வைக்கும்போது ஒரு கேள்வி தொண்டையில் நிற்கிறது. குற்றவாளிகளின் பெயர்ப் பட்டியல் அதில் இருந்தது: சால்மோனெல்லா, ஈ-கோலி, லிஸ்டீரியா. இந்தக் கிருமிகள் எங்கே பிறந்தன? மாலை ஆறு மணிக்குத் தள்ளுவண்டியில் அடுப்பு மூட்டுகிறானே, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பிழைக்க வந்த பையன், அவன் பெற்று வளர்த்தவையா? அவன் முட்டையை வாங்கினான், உடைத்தான், அடித்தான். அவன் கை அழுக்காக இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. அடித்ததை வெயிலில் வைத்திருக்கலாம், அதுவும் குற்றந்தான். ஆனால் அவன் கைக்கு வருமுன் அந்த முட்டை எத்தனை கை கடந்தது? எந்தக் கூண்டில் விழுந்தது? அதை இட்ட கோழி எந்தப் பொரிப்பகத்தில் குஞ்சாகப் பிறந்தது? யார் கேட்டார்கள் இதை? மேலே ஓடையில் சாக்கடை கலக்கிறது. கீழே கடைசித் துறையில் குடம் வைத்தவள் கையைத் தட்டிவிடுகிறோம்! கலக்குமிடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டாமா?

போவோம், தோழர்களே.

கோழிப் பண்ணை என்றால் நாமக்கல், பொரிப்பகம் என்றால் பல்லடம், உடுமலைப்பேட்டை. நாங்குநேரிக்கும் இதற்கும் என்ன ஒட்டு, என்ன உறவு என்று கேட்பார் உண்டு. நான்குவழிச் சாலையிலே, சுங்கச் சாவடியருகே, அரைமணி நேரம் நின்று பார்க்கட்டும் அவர்கள். அட்டை அட்டையாக முட்டையை அடுக்கித் தார்ப்பாய் கட்டிய லாரிகள் தெற்கே விரைவதைக் காண்பார்கள். சாலையை விட்டு இறங்கி, பரப்பாடிப் பக்கமோ மூன்றடைப்புப் பக்கமோ முனைஞ்சிப்பட்டிப் பக்கமோ நடக்கட்டும். மழை பொய்த்தால் மண் வெடிக்கும் மானாவாரி பூமி. அங்கே பீடி சுற்றும் தாய்க்குக் கோழிதான் வங்கி, முட்டைதான் வட்டி. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு சேவல் சந்தைக்குப் போகும். பள்ளிக்கூடம் திறந்தால் இரண்டு பெட்டை போகும். அந்த வங்கி திவாலாகிறது, அடிக்கடி! காரணம் கேட்டால் என்ன சொல்கிறாள்?

வேனிலே கூடை கூடையாகக் குஞ்சு விற்க வருகிறவனிடம் பத்துக் குஞ்சு வாங்குகிறாள். பஞ்சுப் பொதிபோல் ஓடுகின்றன. மூன்றாம் நாள் ஒன்று தலை தொங்கும். ஏழாம் நாள் எண்ணினால் நாலோ ஐந்தோ மிஞ்சும். "கண்ணு பட்டுட்டு அண்ணாச்சி" என்கிறாள். பூசாரியிடம் போய்த் திருநீறு வாங்கி வந்து கூடையைச் சுற்றித் தூவுகிறாள். திருநீற்றுக்கு அஞ்சும் கிருமி இன்னும் பிறக்கவில்லை, தாயே! செத்த குஞ்சை எடுத்து வயிற்றுப் பக்கம் பார். வயிறு உப்பியிருக்கும். தொப்புள் மூடாமல், ஈரமாய், கறுத்திருக்கும். நாற்றம் வரும். கண்ணேறு கண்ணிலே பட்டது போதும். இனித் தொப்புளிலே பட்ட கிருமியைப் பார்ப்போம்.

குஞ்சு முட்டையை விட்டு வருவதற்குச் சற்று முன்னால், மீந்திருக்கும் மஞ்சட்கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. தாய் மகனுக்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது. இரண்டு மூன்று நாளைக்குத் தீனியில்லாமல் தாங்கும். அதனால்தான் ஒருநாள் குஞ்சைப் பெட்டியில் அடைத்துப் பல நூறு மைல் அனுப்ப முடிகிறது. அந்தத் தொப்புள் வாசல் சரியாக மூடுமுன் அழுக்குப் பட்டால், கிருமி நேரே கட்டுச்சோற்றிலே கை வைக்கும். சோறு நஞ்சாகும். குஞ்சு சாகும். ஊசி போட்டாலும் சாகும், உறவு கூடி அழுதாலும் சாகும். குற்றம் நடந்த இடம் அவள் முற்றமல்ல. குஞ்சு பிறந்த இடம், அல்லது முட்டை விழுந்த இடம்.

முட்டையை நாம் கல் போன்ற பொருளாக எண்ணிவிட்டோம். அதன் ஓட்டிலே கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏழாயிரத்திலிருந்து பதினேழாயிரம் வரை உண்டு. குஞ்சு மூச்சு விட வேண்டுமே, அதற்காக. துளைகளின் மேலே மெல்லிய பூச்சு ஒன்று பூசி அனுப்புகிறது கோழி. முட்டை வெளியே விழும்போது கோழியின் உடற்சூடு இருக்கிறது அதில், ஏறத்தாழ 41 பாகை. விழுந்ததும் ஆறத் தொடங்குகிறது. ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்குகிறது. சுருங்கும்போது வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. அவித்த முட்டையை உரித்தால் அகன்ற முனையில் ஒரு பள்ளம் தெரிகிறதே, அந்தக் காற்றறை உண்டானது இப்படித்தான். விழுந்த இடம் சுத்தமான உமியானால் உறிஞ்சுவது காற்று. விழுந்த இடம் ஈர எச்சமானால்? எச்சத்தில் இருக்கும் கிருமியும் ஈரத்தோடு ஈரமாய் உள்ளே போகிறது. முதல் சில நிமிடங்களிலேயே முட்டையின் தலையெழுத்து எழுதப்பட்டுவிடுகிறது. எழுதியவன் பிரமன் அல்ல; கூடு துடைக்காத பண்ணைக்காரன்!

சரி, அழுக்கான முட்டையைக் கழுவிவிட்டால் போயிற்று என்பான் ஒருவன். பச்சைத் தண்ணீரில் கழுவினால் போகாது, கூடும். குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளிருப்பது மேலும் சுருங்கும். கழுவிய அழுக்கு நீரையே உள்ளே இழுக்கும். மேற்பூச்சும் போய்விடும். கழுவுகிறவர்கள் முட்டையைவிடச் சூடான நீரில், கிருமிநாசினி கலந்து, கணக்குப் பார்த்துக் கழுவுகிறார்கள். அமெரிக்காவில் அரசின் தரமுத்திரை பெறும் முட்டையை அப்படிக் கழுவியே ஆகவேண்டும் என்கிறது விதி. ஐரோப்பாவிலோ கடைக்கு வரும் முதல்தர முட்டையைக் கழுவவே கூடாது என்கிறது சட்டம். கழுவ வேண்டாத அளவுக்குக் கூட்டைச் சுத்தமாக வை என்பது அதன் கருத்து. நம் நாட்டில்? ஈரத்துணியால் ஒரு துடைப்பு! அந்த ஒரே துணி, ஆயிரம் முட்டைக்கு! முதல் முட்டையின் அழுக்கைக் கடைசி முட்டை வரைக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும் துணி. சமதர்மம் இங்கேதான் நடக்கிறது போலும்.

இனிப் பொரிப்பகத்துக்குள் நுழைவோம்.

ஊரிலே அடைக்கோழி பத்து முட்டை, பன்னிரண்டு முட்டை மேல் உட்காருகிறது. அதில் ஒன்று கூமுட்டையானால் நட்டம் ஒன்றோடு போகும், மிஞ்சினால் அந்தக் கூடையோடு போகும். பொரிப்பகத்திலோ அடைகாக்கும் இயந்திரம் ஒன்றுக்குள் பல்லாயிரம் முட்டைகள். பல பண்ணையிலிருந்து வந்தவை, ஒரே அறையில், ஒரே காற்றில். பதினெட்டு நாள் அங்கே. பிறகு மூன்று நாள் பொரிப்பானில். இருபத்தோராம் நாள் குஞ்சு. சூடு 37.5 பாகையை ஒட்டி, ஈரப்பதம் கணக்காக. குஞ்சுக்கு இதமான இந்தச் சூடு கிருமிக்கும் இதமான சூடு என்பதை மறந்துவிடலாகாது. எச்சம் ஒட்டிய ஒரு முட்டை உள்ளே போனால், அது அங்கே அழுகுகிறது. உள்ளே வாயு பெருகுகிறது. ஒருநாள் வெடிக்கிறது! ஆம், பட்டாசு போல வெடிக்கிறது. அழுகல் சிதறி அண்டை முட்டைகளின் மேலெல்லாம் தெறிக்கிறது. காற்றாடி அதை அறை முழுதும் பரப்புகிறது.

இதைவிடக் கொடியது பொரிக்கும் நாள். நோய்வாய்ப்பட்ட ஒரு குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வருகிறது. ஈரம் காயக் காய அதன் உடம்பிலிருந்து பஞ்சு போன்ற மயிர்த்தூள் பறக்கிறது. அந்தத் தூளோடு கிருமியும் பறக்கிறது. பிறந்த நொடியிலே, முதல் மூச்சிலே, தட்டுத் தட்டாக இருக்கும் மற்றக் குஞ்சுகள் அதைக் குடிக்கின்றன. காலையிலே ஒரு குஞ்சின் நோய். மாலைக்குள் ஒரு பெட்டிச் சரக்கின் நோய். மறுநாள் நூறு ஊருக்குப் போய்ச் சேரும்!

தடுக்க வழியில்லையா என்றால், வழி பழைய வழி. தரையில் இட்ட முட்டையை அடைக்கு வைக்காதே. ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது முட்டையைப் பொறுக்கு. குளிரறையிலிருந்து எடுத்த முட்டையைச் சட்டென்று வெக்கைக்குக் கொண்டுவராதே. நம் நெல்லைச் சீமை வெயிலில் குளிர்ந்த சோடாப் புட்டி வியர்ப்பதுபோல் முட்டை வியர்க்கும், வியர்வையில் கிருமி நீந்தும். முட்டை வரும் வாசல் வேறு, குஞ்சு போகும் வாசல் வேறு என்று வை. குஞ்சறையில் வேலை செய்தவன் அப்படியே முட்டையறைக்குப் போகாதே. குளி, உடை மாற்று, பிறகு போ. கழுவ முடியாத காகித அட்டையைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தாதே. இவ்வளவுதான். இதில் எது ஏழை நாட்டுக்கு எட்டாத வித்தை?

இந்தக் குளியல் விதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒழுங்காக நடக்கும் பொரிப்பகத்திலே, உள்ளே போகும் எவரும் குளிக்க வேண்டும். முதலாளியா? குளி. மாவட்ட அதிகாரியா? குளி. கூட்டித் துடைக்கும் தொழிலாளியா? நீயும் குளி. ஏனென்றால் கிருமி எவர் காலிலும் ஒட்டும். குலம் கோத்திரம் விசாரித்து ஒட்டுவதில்லை. நம் நாட்டிலும் குளியலுக்குப் பஞ்சமில்லை. மடி என்றார்கள், ஆசாரம் என்றார்கள், இவன் நிழல் பட்டால் குளி, அவன் தொட்டால் முழுகு என்றார்கள். நூற்றாண்டு நூற்றாண்டாக எவன் தொட்டான் என்று பார்த்தோமே தவிர, என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தோமா? தீட்டைக் கண்டுபிடிப்பதில் தேர்ந்த நாடு, அழுக்கைக் கண்டுபிடிப்பதில் அரிச்சுவடியும் படிக்கவில்லை. முட்டை என்றாலே முகம் சுளிக்கும் வீட்டிலே குடிநீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தால் புழு நெளியும். அதற்குச் சுளிக்காது முகம்!

அந்த முகச்சுளிப்பாளர்களுக்கு இந்தக் கட்டுரை தீனியாகிவிடக் கூடாது. ஆகவே அழுத்திச் சொல்கிறோம்: வெள்ளையும் மஞ்சளும் இறுகும் வரை வேகவைத்த முட்டையில் சால்மோனெல்லா பிழைப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகளின் தட்டில் விழுவது அவித்த முட்டை. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக அந்தத் தட்டுக்கு வந்த முட்டை, படிப்படியாக ஏறி, 2010-இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் என்றாயிற்று. சோற்றை மட்டும் கண்ட பிள்ளைக்கு அது சதையும் எலும்புமாயிற்று. முட்டையில் கிருமி என்று ஒரு சேதி வந்ததும், பார்த்தீர்களா, அதை நிறுத்திவிடுங்கள் என்று கிளம்பக் கூடியவர்கள் இருக்கிறார்கள். வடக்கே சில மாநிலங்களில் பிள்ளைகளின் தட்டில் முட்டை விழாமலே தடுத்த கதையும் நமக்குத் தெரியும். நாம் முட்டையின் எதிரிகளல்லர். முட்டைமேல் ஒட்டிய அழுக்கின் எதிரிகள்.

சால்மோனெல்லா என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. 1885-இல் அமெரிக்காவில் அந்த இனத்துக் கிருமியைத் தேடிப் பிடித்தவர் தியோபால்ட் சுமித் என்ற உதவி ஆய்வாளர். பெயர் சூட்டப்பட்டது அவருக்கு மேலே நாற்காலியில் இருந்த டேனியல் சால்மனுக்கு! உழைத்தவன் ஒருவன், பேர் வாங்கியவன் ஒருவன் என்பது கிருமி உலகத்திலும் நடந்திருக்கிறது.

அந்த இனத்திலே புல்லோரம் என்று ஒன்று. நம் ஊரார் வெள்ளைக்கழிச்சல் என்பது இராணிக்கேட் நோயை, இது வேறு. இதுவும் குஞ்சுக்கு வெள்ளையாய்க் கழியச் செய்து கூட்டங்கூட்டமாய்க் கொல்வது. தாய்க்கோழி நலமாகவே திரியும்; அதன் சினைப்பையில் கிருமி குடியிருக்கும்; முட்டைக்குள்ளேயே ஏறிக் குஞ்சுக்குப் போகும். ஓட்டை எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை, திருடன் வீட்டுக்குள் இருக்கிறான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைகளை இது சூறையாடியது. லியோ ரெட்கர் என்ற ஆய்வாளர் காரணம் கண்டார். அதன் பின் ஒரு சோதனை வந்தது: கோழியின் இறக்கை நரம்பில் ஒரு துளி இரத்தம், அதனோடு ஒரு துளி சாய மருந்து, ஒரு தட்டில் கலக்கு. ஓரிரு நிமிடத்தில் திரித்திரியாகத் திரண்டால் அந்தக் கோழி நோய்க் கோழி. அதன் முட்டையை அடைக்கு வைக்காதே. 1935-இல் அமெரிக்கத் துரைத்தனம் தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. சோதித்த தாய்க்கோழியின் குஞ்சு என்று சான்று பெற்ற பொரிப்பகங்களின் குஞ்சுக்கே மதிப்பு என்ற நிலை வந்தது. ஆண்டுகள் ஓடின. பெரும் வணிகப் பண்ணைகளிலிருந்து அந்த நோய் விரட்டப்பட்டது. ஒரு துளி இரத்தம், ஒரு துளி சாயம்! அந்த மருந்தை இசத்நகரில் உள்ள நம் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையமே தயாரித்திருக்கிறது. ஆனால் நாங்குநேரித் தாய் வாங்கும் குஞ்சின் தாய்க்கோழிக்கு அந்தத் துளி எடுக்கப்பட்டதா என்று அவளுக்குச் சொல்ல ஒரு சீட்டும் கிடையாது.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. எட்வினா கரி என்ற அம்மையார் சுகாதாரத் துறையில் துணையமைச்சர். 1988 டிசம்பர் 3-ஆம் நாள், இந்நாட்டு முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். பெரும்பகுதி என்றது மிகைதான். ஆனால் நோய் மெய். முட்டை விற்பனை சரிந்தது. பண்ணை முதலாளிகள் கொதித்தனர். டிசம்பர் 16-ஆம் நாள் அம்மையார் பதவியை விட்டு வெளியேறினார். இரண்டே வாரம்! ஆள் போனார், கிருமி போகவில்லை. அடுத்த ஆண்டே, நோய் கண்ட கோழிக் கூட்டங்களை அழிக்கவேண்டிய நிலை அந்த அரசுக்கு வந்தது. 1998-இல் சிங்க முத்திரைத் திட்டம் வந்தது: தாய்க்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் தடுப்பூசி, பொரிப்பகத்திலிருந்து பெட்டி வரை சோதனை, ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் அச்சு. நோயாளிகள் வெகுவாகக் குறைந்தார்கள். 2017-இல் அந்நாட்டு உணவுத் தர அமைப்பு, அந்த முத்திரையுள்ள முட்டையைக் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அரைவேக்காடாகவே உண்ணலாம் என்று அறிவித்தது. கடைக்காரனைத் துரத்தி அவர்கள் அங்கே போய்ச் சேரவில்லை. கோழியின் பிறப்பிடத்துக்குப் போனார்கள்.

அமெரிக்கத் தொழிலதிபர் ஒருவர் கதையும் கேட்கத்தக்கது. 2010-இல் ஐயோவா மாநிலத்திலிருந்து போன ஐம்பது கோடிக்கு மேற்பட்ட முட்டைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. நோயுற்றோர் என்று கணக்கில் வந்தவர்களே 1,900-க்கு மேல். சோதனைக்குப் போனவர்கள் பண்ணையில் கண்டது எலி, ஈ, ஆள் உயரத்துக்கு எச்சக் குவியல். 2015-இல் அந்த நிறுவனத்தை நடத்திய டிகோஸ்டர் என்ற தந்தைக்கும் மகனுக்கும் மூன்று மூன்று மாதச் சிறை; நிறுவனத்துக்கு 68 இலட்சம் டாலர் அபராதம். முதலாளித்துவத்தின் கோட்டை என்கிறோமே, அங்கே முட்டைக்காக முதலாளி சிறை சென்றிருக்கிறார்! மூன்று மாதம் போதுமா என்பது வேறு பேச்சு.

இங்கே? நம் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவோம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 18, உட்பிரிவு 3. விவசாயிக்கும், விவசாய வேலைகளுக்கும், கால்நடைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. நோக்கம் நல்லது. நான்கு கோழி வளர்க்கும் ஏழையை அதிகாரி அலைக்கழிக்கக் கூடாதல்லவா? ஆனால் அந்தக் குடைக்கீழே யார் யார் நிற்கிறார்கள் பாருங்கள். நான்கு கோழிக்காரியும் நிற்கிறாள்; இலட்சக்கணக்கில் கோழி வளர்ப்பவரும் நிற்கிறார், அவள் தோளைத் தள்ளிக்கொண்டு! 2009-இல் வந்த கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் புல்லோரம் இருக்கிறது. நோய் கண்டால் தெரிவி என்கிறது அந்தச் சட்டம். தெரிவிக்க வேண்டியவர் யார்? உரிமையாளர். தன் பொரிப்பகத்தில் நோய் என்று தானே தண்டோரா போடும் வணிகரை எங்கேனும் கண்டதுண்டா? ஆக, கடைக்கு ஒரு சட்டம், கடைசிவரை துரத்தும். பொரிப்பகத்துக்கு ஒரு சட்டம், தானாக வந்து சொன்னால் கேட்டுக்கொள்ளும்.

இடையிலே நசுங்குகிறவன் ஒருவன் இருக்கிறான். ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கும் விவசாயி. குஞ்சு கம்பெனியுடையது. தீவனம் கம்பெனியுடையது. கொட்டகை இவனுடையது, அதன் கடன் இவனுடையது, மின்கட்டணம், தண்ணீர், இராத் தூக்கம் எல்லாம் இவனுடையது. வளர்ந்த கோழிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. குஞ்சு செத்தால் கூலி குறையும். முதல் வாரத்திலேயே தொப்புள் அழுகிச் செத்த குஞ்சுக்கு இவன் என்ன செய்வான்? வரும்போதே நோயோடு வந்தது! ஆனால் ஏட்டில் எழுதப்படுவது பராமரிப்புக் குறை. விதைத்தவன் கம்பெனி, வினை அறுப்பவன் விவசாயி.

நோயை மறைக்க ஒரு குறுக்கு வழியும் உண்டு. குஞ்சுக்கு முதல் நாளிலிருந்தே தண்ணீரில் கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்து கொடுத்துவிடுவது. சாவு குறையும், அழுக்கு அப்படியே இருக்கும், மருந்துக்கு மசியாத கிருமி வளரும். மனிதனுக்கு எல்லா மருந்தும் தோற்றபின் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினைக் கூட இப்படிக் கோழிக்கு ஊற்றினார்கள். 2019-இல்தான் இந்திய அரசு அதற்குத் தடை போட்டது. துடைப்பம் செய்ய வேண்டிய வேலையை மருந்துப் புட்டியிடம் ஒப்படைத்தால், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு நாளை எந்த மருந்து வேலை செய்யும்?

பொரிப்பகத்துக்குள்ளே உழைப்பவர்களை நாம் மறந்துவிடவில்லை. முட்டைக்குப் புகைமூட்டம் போடுவார்கள். பார்மலினை எடுத்துப் பொட்டாசியம் பர்மாங்கனேட்டின் மேல் ஊற்றினால் புகை சீறும். மூடிய அறையில் இருபது நிமிடம். ஓட்டின்மேல் உள்ள கிருமி சாகும். கண் எரியும், தொண்டை கிழியும். அந்தப் புகையை, பார்மால்டிகைடை, மனிதனுக்குப் புற்றுநோய் தருவதென்று உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் முதல் வகையில் சேர்த்துவிட்டது. ஊற்றிவிட்டு ஓடி வருகிறவன் முகத்தில் என்ன இருக்கிறது? பல இடங்களில் தோளில் கிடந்த துண்டு! சுத்தம் வேண்டும் என்று நாம் முழங்கினால், முதலாளி இன்னும் இரண்டு படி பார்மலின் வாங்கி இவனிடமே கொடுப்பான். அதனால்தான் சொல்கிறோம், புகை முதல் வேலையல்ல, கடைசி வேலை. எச்சத்தோடு கிடக்கும் முட்டைக்கு எவ்வளவு புகை போட்டாலும் எச்சத்தின் அடியிலுள்ள கிருமி சாகாது. கூட்டைச் சுத்தம் செய், புகை குறையும். போடத்தான் வேண்டுமென்றால் முகமூடியும், காற்றை வெளியேற்றும் விசிறியும், மருத்துவச் சோதனையும் முதலாளி செலவில் வேண்டும்.

விலை ஏறும் என்பார்கள். முட்டை விலை ஏறினால் ஏழைக்குத்தானே அடி என்று, ஏழைக்காகக் கண்ணீர் வடிப்பார்கள், என்றும் வடிக்காத கண்ணீர்! கணக்குப் போடட்டும். பத்துக் குஞ்சு வாங்கி ஐந்தைப் புதைக்கும் தாய், ஒரு குஞ்சுக்கு இரண்டு விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள் இன்றைக்கே. சின்னப் பொரிப்பகங்கள் மூடப்பட்டுவிடும் என்பார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறோம். ஆகவே சோதனைச் செலவைச் சிறியவர்களுக்கு அரசு ஏற்கட்டும், பெரியவர்களிடம் கட்டணமாக வாங்கட்டும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நெல்லையிலேயே இராமையன்பட்டியில் ஒன்று 2012-இலிருந்து இருக்கிறது. படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆய்வுக்கூடம் இருக்கிறது. அவர்களைப் பொரிப்பகத்துக்குள் அனுப்ப ஓர் ஆணைதான் இல்லை. மயோனைசுக்கு ஆணை எழுதிய பேனா இன்னும் வற்றிவிடவில்லையே!

நாங்குநேரி வட்டாரத் தோழர்களுக்கு ஒரு வேலை. அரசுத் திட்டத்தில் வந்தாலும் சரி, வேனில் வந்தாலும் சரி, குஞ்சு வாங்கிய வீடுகளுக்குப் போங்கள். வாங்கிய நாள் எது, எத்தனை, ஏழாம் நாள் மிஞ்சியது எத்தனை என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுங்கள். செத்த குஞ்சைக் குப்பைமேட்டில் எறிய விடாமல், இரண்டை எடுத்து அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் கொடுத்து அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சீட்டு வாங்குங்கள். நூறு வீட்டுக் கணக்குச் சேர்ந்தால் அது புலம்பலாக இராது, ஆவணமாக இருக்கும். சட்டமன்றத்தில் எழுந்து கேட்பவர் கையில் கொடுக்கலாம்.

பெரிய நிறுவனத்துக் குஞ்சுப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மூடியின்மேல் கம்பெனியின் பெயர் பட்டையாக அச்சாகியிருக்கும். அதற்குக் கீழே, தாய்க்கோழிக்கு இரத்தச் சோதனை நடந்த தேதியை அச்சிட வேண்டிய அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது.